கூரைக்கு ஒரு போசகர்

பாரிசில் வாழும் எங்கள் ஊரவர் ஒன்றியத்தின் யாப்பை, அதன் சட்டதிட்டங்களை, எழுதியவன் நான். பிறகு யாராவது அதைக் கண்டுபிடித்துப் பெருமைப்படாதபடி முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். யாழ்ப்பாணக் கச்சேரி என்னும் மாவட்டச் செயலகத்தில் காணிப் பகுதி எழுதுவினைஞனாக ஒன்பது வருடம், பாரிஸ் புறநகரில் ஒரு மெறியில், அதாவது நகரசபை அலுவலகத்தில், பிறப்பு இறப்புப் பதிவு மேசையில் இருபத்தாறு வருடம். இரண்டு நாடுகளின் கடதாசிகளுக்குள் வாழ்ந்த ஒருவன் யாப்பு எழுதினால் அது முப்பத்தொரு பிரிவுகளாகத்தான் வரும்.

அதில் பத்தொன்பதாம் பிரிவு எனக்குப் பிடித்தது. மண்டபத்தின் சுவர், தரை, கூரை ஆகியவற்றில் எந்த மாற்றம் செய்வதானாலும், பொதுச்சபையின் முன்னிலையில், மையினால், ஒன்றியத்தின் புரவலராகிய போசகர் தம் சொந்தக் கையெழுத்தில் சம்மதம் தர வேண்டும். அந்தக் காலத்துத் தலைவர் தன் மகளின் அரங்கேற்றத்துக்காகப் பின்சுவரை இடித்து மேடையைப் பெரிதாக்கப் பார்த்தார். அவரைத் தடுப்பதற்காகவே எழுதினேன். சுவர் இன்றைக்கும் நிற்கிறது.

மண்டபம் என்று சொல்கிறோமே தவிர, அது பாரிசின் லா சப்பல் பகுதியில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் மேல் முனையில், ஒரு மரக்கறிக் கடையின் பக்கவாட்டால் உள்ளே போகும் முற்றத்தின் கடைசியில், முன்பு அட்டைப்பெட்டி செய்த பட்டறை. அதன் கூரை தெற்கு நோக்கிச் சரிந்தது. மேலே எந்தக் கட்டடத்தின் நிழலும் விழாது. ஒழுகிய நாட்களைத் தவிர அந்தக் கூரையை எங்களில் எவரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

போசகர் என்பது எங்கள் ஒன்றியங்களில் வேலை எதுவும் இல்லாத பதவி. ஆண்டு மலரில் முழுப்பக்கப் படமும் வாழ்த்துச் செய்தியும் வரும், அவ்வளவுதான். எங்கள் போசகர் ஒரு வைத்தியர். நல்ல மனிதர். மூன்று வருடங்களுக்கு முன் காலமானார். படத்துக்கு மாலை போட்டு மேடைக்கு இடப்பக்கம் மாட்டினோம். அதன் பிறகுதான் என் யாப்பில் ஒரு ஓட்டை இருப்பது தெரிந்தது. பதவி ஒன்று வெற்றிடமாவது எழுத்து மூல இராஜினாமாவினால் மட்டுமே என்று எழுதியிருந்தேன். மரணத்தை மறந்துவிட்டேன். இருபத்தாறு வருடம் மரணங்களைப் பதிந்தவனுக்கு மறப்பதற்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு கூட்டக் குறிப்பிலும் "போசகர் சமுகமளிக்கவில்லை" என்று எழுதிவந்தேன். உண்மைக்கு மாறாக ஒரு சொல்லும் அதில் இல்லை.

சரி, வெற்றிடம் என்றே வைத்துக்கொண்டாலும் புதியவரைத் தெரிவுசெய்வதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஊரில் றோட்டுக்கு மேற்கே இருந்தவர்கள் நகைக்கடைக்காரரைப் போசகராக்க விரும்பினார்கள். கிழக்கே இருந்தவர்கள் பலசரக்குக் கடைக்காரரை. ஊரில் அந்த றோட்டை நாலு எட்டில் கடந்துவிடலாம். லா சப்பலில் மூன்று வருடமாகக் கடக்க முடியவில்லை.

இதற்கிடையில்தான் நான் தங்கச்சி என்று கூப்பிடும் ஒரு பெண் வந்தார். வன்னியிலிருந்து வந்தவர், வயது நாற்பதைத் தாண்டும். புறநகர் ஸ்தேனில் குடியிருப்பு, காலையில் ஒரு பாடசாலைச் சமையலறையில் வேலை, சனி ஞாயிறுகளில் எங்கள் மண்டபத்தில் வடையும் தேநீரும். அங்கே போரில் கரண்ட் இல்லாத வருடங்களில் ஒரு சோலார் தகட்டையும் ஒரு பழைய கார் பற்றரியையும் வைத்து ஒரு ஒழுங்கை முழுவதிலும் இருந்த வீடுகளுக்கு ரேடியோ கேட்க வழி செய்தவர் என்று அவரோடு வந்தவர்கள் சொல்வார்கள். இங்கே வந்தும் விடவில்லை. தகடு பூட்டும் தொழிலுக்கான பயிற்சியைப் படித்து முடித்தார். எங்கள் வட்டாரத்தில் குடியிருப்பவர்களே சேர்ந்து நடத்தும் மின்சாரக் கூட்டுறவு ஒன்று இருக்கிறது. தகடுகள் கம்பெனிக்குச் சொந்தமில்லை, அங்கத்தவர்களுக்குச் சொந்தம். பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் ஒரு வாக்கு. அவர்களைக் கொண்டுவந்து எங்கள் கூரையைக் காட்டி, மெறியில் அனுமதி எடுத்து, பொறியியலாளரின் கடிதம் எடுத்து, இரண்டு வருடம் அலைந்து தொசியேயை முழுமையாக்கிவிட்டார். நான் மெறியில் இருந்த காலத்தில் அப்படி ஒரு கோப்பு என் மேசைக்கு வந்திருந்தால் எழுந்து நின்று வாங்கியிருப்பேன்.

ஒன்றே ஒன்று குறைந்தது. கூட்டுறவு எங்கள் யாப்பை வாசித்துவிட்டது. போசகரின் கையெழுத்தைக் கேட்டது. திங்கட்கிழமைக்குள் வராவிட்டால், இந்தப் பருவத்துக்கு இருக்கும் தகடுகள் பட்டியலில் அடுத்ததாக உள்ள ஒரு உடற்பயிற்சி மண்டபத்துக்குப் போய்விடும்.

"அண்ணை, செத்த மனுசன் எப்பிடிச் சைன் வைக்கிறது?" என்று கேட்டார்.

"வைக்கேலாது."

"அப்ப வேற ஆரும் வைக்கலாமோ?"

"அவர் இன்னும் இராஜினாமாச் செய்யேல்லை, தங்கச்சி."

"இதை ஆர் அண்ணை எழுதினது?"

"அந்தக் காலத்தில ஒரு குழு எழுதினது," என்றேன்.

சனிக்கிழமை பொதுச்சபை கூடியது, போசகர் தெரிவுக்கான கடைசி முயற்சியாக. அதே நாளில் ஒரு விருந்தாளியையும் அழைத்திருப்பதாகத் தங்கச்சி சொன்னார். காலநிலை பற்றிய ஒரு மாநாட்டுக்காக நியூசிலாந்திலிருந்து பாரிசுக்கு வந்த மாவோரிப் பெண்மணி. தன் குலத்தவர் சொந்தமாக நடத்தும் மின்சாரத் திட்டத்துக்குத் தலைமை தாங்குபவர். கூட்டுறவுக்காரர் அவருக்குக் கூரைகளைக் காட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

"ஏன் இண்டைக்கு?" என்று கேட்டேன்.

"வெளியாள் ஒராள் இருந்தா எங்கட ஆக்கள் வடிவாக் கதைப்பினம்."

இதை நான் எந்த அரசியல் நூலிலும் வாசித்ததில்லை. ஆனால் இது முழு உண்மை.

தலைவர் மெற்றோவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். விருந்தாளி என்றதும் அவருக்குள் இருந்த விழா அமைப்பாளர் விழித்துக்கொண்டார். சுவரில் "நியூசிலாந்து இளவரசியே வருக" என்று பெரிய பதாகை. அந்த அம்மா முன்பு பாடசாலை பஸ் ஓட்டியவர் என்று சொல்லிப் பார்த்தேன். "தலைவி எண்டா இளவரசிதானே, விடும்," என்றார்.

மூன்று மணிக்கு விருந்தாளி முற்றத்து வாசலுக்கு வந்துவிட்டார். அறுபது வயதிருக்கும், உயரம், பச்சை மழையங்கி. பக்கத்தில் கூட்டுறவின் பிரெஞ்சுப் பொறியியலாளர் ஒரு சிறிய குடையோடு. வந்தவர்கள் அங்கேயே நின்றார்கள். மழை பெய்தது. எங்கள் முறைப்படி பிரதம விருந்தினரை நாதஸ்வர இசையோடு அழைத்துவர வேண்டும். நாதஸ்வரம் தலைவரின் கைத்தொலைபேசியில் இருந்தது. ஒலிபெருக்கி அந்தத் தொலைபேசியை அடையாளம் காண மறுத்தது. இசை தொடங்கும்வரை ஒருவரும் வெளியே போகக்கூடாது என்று தலைவர் உத்தரவிட்டார். அவர்கள் முறைப்படியோ, வீட்டுக்காரப் பெண் ஒருத்தி குரல் கொடுத்து அழைக்கும்வரை விருந்தாளி உள்ளே காலடி வைக்கமாட்டார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆக, இரண்டு நாகரிகங்கள் இருபது நிமிடம் ஒன்றையொன்று மரியாதையோடு பார்த்துக்கொண்டு நின்றன. ஒன்று நனைந்தது.

அப்போது சமையலறைக் கதவு திறந்தது. தங்கச்சி எண்ணெய்க் கரண்டியோடு வெளியே வந்து பார்த்தார்.

"என்ன கோதாரிக்கு உந்த மழையில நிக்கிறியள்? உள்ள வாங்கோவன், வாங்கோ."

வயலின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரையில் உள்ளவரைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. விருந்தாளி தலையை நிமிர்த்தினார். பதிலுக்கு ஒரு நீண்ட அழைப்பு அவரிடமிருந்து எழுந்தது. பேச்சுமில்லை, பாட்டுமில்லை, நடுங்கி நடுங்கி நீண்டது. அப்படியே மெல்ல நடந்து வந்தார். மரக்கறிக் கடைக்காரர் தராசில் வைத்த முருங்கைக்காயை மறந்து நின்றார்.

"நாதஸ்வரம் தொடங்கிட்டுதோ?" என்று தலைவர் உள்ளேயிருந்து கேட்டார்.

விருந்தாளி, வரிசையில் நின்ற ஒவ்வொருவருடைய மூக்கிலும் நெற்றியிலும் தன் மூக்கையும் நெற்றியையும் ஒற்றினார். அது அவர்கள் வணக்கம். நகைக்கடைக்காரரின் கண்ணாடி கோணியது. பலசரக்குக் கடைக்காரருக்குத் தடிமன், மூக்கு ஒழுகியது; அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். பிறகு மேற்கு ஒரு பொன்னாடை போர்த்தியது. கிழக்கு அதற்கு மேல் இன்னொன்று போர்த்தியது. மழையங்கியைக் கழற்ற ஒருவரும் நேரம் கொடுக்கவில்லை.

கச்சேரி ஆங்கிலம் இன்னும் துருப்பிடிக்காததால் நான்தான் மொழிபெயர்ப்பாளன். விருந்தாளி பேசினார். அவர்கள் ஊர் கடற்கரையில், மின்கம்பி முடியும் இடத்தில். புயலடித்தால் முதலில் இருள்வது அவர்கள்தான். ஒரு கம்பெனி வந்து நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டது. கொடுக்கவில்லை. தங்கள் பொதுமனையின் கூரையில் தாங்களே தகடு வைத்தார்கள், பிறகு வீடுகளிலும். அடுத்த புயலில் சுற்றுவட்டாரம் முழுவதும் அந்தப் பொதுமனையில்தான் சோறு தின்றது.

"முடிவெடுக்க எவ்வளவு காலம் எடுத்தது?" என்று தலைவர் கேட்டார்.

"ஆறு வருடம். எல்லோரும் பேசி முடிக்க வேண்டும் அல்லவா?"

மண்டபம் முழுவதும் ஒரு நிம்மதி பரவியது. எங்களுக்கு மூன்று வருடம்தானே ஆகியிருக்கிறது என்று இரு தரப்பும் முதன்முதலாக ஒரே விதமாகத் தலையாட்டின.

பிறகு விருந்தாளி பாடினார். கூடப் பாட அவருடைய ஆட்கள் இல்லாததால் அந்தப் பொறியியலாளரே கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்து பாடினார். இரண்டு நாள் பழக்கியிருப்பார் போலிருக்கிறது. "எங்கள் பக்கத்தில் பேச்சுக்குப் பின் பாட்டு இல்லாவிட்டால் பேச்சு முடிந்ததாகாது," என்றார் விருந்தாளி. நான் அதை நேர்மையாக மொழிபெயர்த்தேன். இன்றுவரை வருந்துகிறேன். நிகழ்ச்சி நிரலில் இன்னும் பதினொரு பேச்சுகள் இருந்தன. விருந்தாளியின் முறையை மதிப்பது நம் கடமை என்று தலைவர் அறிவித்தார்.

நகைக்கடைக்காரர் ஒரு தேவாரம் தொடங்கி மூன்றாம் வரியில் காணாமல் போனார். பலசரக்குக் கடைக்காரர் மழையைப் பற்றிய ஒரு சினிமாப் பாட்டைத் தடிமனோடு பாடினார். பொருளாளருக்கு ஒரு பாட்டும் தெரியாது. வியர்த்து நின்றவர், தெரிந்த ஒரே ஒன்றாகிய எங்கள் கல்லூரிக் கீதத்தை எடுத்தார். றோட்டுக்கு இரண்டு பக்கத்துக்கும் ஒரே கல்லூரிதான். கீதம் கேட்டால் எழும்பாமல் இருக்க எங்களுக்குத் தெரியாது. மேற்கும் கிழக்கும் எழுந்து நின்று இரண்டாம் சரணத்தை ஒன்றாகப் பாடி முடித்து, ஒருவரையொருவர் பாராமல் உட்கார்ந்தன.

அந்தச் சூட்டிலேயே விபத்து நடந்தது. எங்கள் கூட்டங்களில் ஒரு பழக்கம் உண்டு. மதிப்புக்குரிய வெளியார் ஒருவர் நல்லபடி பேசிவிட்டால், நன்றியுரைக்கு முன் யாராவது எழுந்து அவரை ஒரு பதவிக்கு முன்மொழிவார்கள். கை தானாக உயரும். நகைக்கடைக்காரர் எழுந்து, "இளவரசி அம்மையாரை எமது ஒன்றியத்தின் போசகராக முன்மொழிகிறேன்," என்றார். பலசரக்குக் கடைக்காரர் கண்ணை ஒருதரம் மூடித் திறந்தார். விருந்தாளியின் முகத்துக்கு நேரே எதிர்க்க முடியாது. அதோடு, போசகராவது நகைக்கடைக்காரர் இல்லை. "வழிமொழிகிறேன்." நான் ஒழுங்குப் பிரச்சினை கிளப்புவதற்குள் எல்லாக் கைகளும் மேலே நின்றன.

"இந்தப் பதவிக்கு என்ன வேலை?" என்று விருந்தாளி என்னைக் கேட்டார்.

"ஒன்றுமில்லை. ஒரு படம் தர வேண்டும்."

"அண்ணை, பத்தொன்பதைச் சொல்லுங்கோ," என்று சமையலறை வாசலிலிருந்து குரல் வந்தது. தங்கச்சி கூட்டுறவு ஒப்பந்தத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மாவு படாமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சொன்னேன். பத்தொன்பதையும் சொன்னேன், இராஜினாமாப் பிரிவையும் சொன்னேன். விருந்தாளி சிரிக்கவில்லை. வேலையில்லாத பதவியைத் தான் வாங்குவதில்லை, இதில் வேலை இருப்பது நல்லது என்றார். பிறகு எழுந்து நேரே வைத்தியரின் படத்தின் முன் போய் நின்று, தன் மொழியில், ஒரு மனிதரோடு பேசுவது போல நிதானமாகப் பேசினார். அவர்கள் பேச்சில் இறந்தவர்களுக்கே முதல் இடமாம்; வந்தவுடன் செய்திருக்க வேண்டியதை எங்கள் பொன்னாடைகள் தடுத்துவிட்டனவாம். வைத்தியரின் மனைவி முன்வரிசையில் இருந்தார். மூன்று வருடத்தில் அந்தப் படத்தைப் பார்த்து ஒருவர் பேசியது அன்றைக்குத்தான். அவர் கைக்குட்டையை எடுத்தார். நான் பேனையை எடுத்து எழுதினேன்: "முந்தைய போசகரிடம் அனுமதி கோரப்பட்டது. அவர் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை."

இனிக் கையெழுத்துத்தான் என்று நினைத்தேன். பொறியியலாளர் பேனையை நீட்டிவிட்டார். தங்கச்சி உறையிலிருந்து தாளை வெளியே எடுத்துவிட்டார். விருந்தாளி அவரைப் பார்த்தார்.

"என்னை உள்ளே அழைத்த பெண் இவர்தானே? இவர் ஏன் கை உயர்த்தவில்லை?"

அதற்கும் நானே விடை சொல்ல வேண்டியிருந்தது. நாலாம் பிரிவின்படி அங்கத்துவம் ஊரில் பிறந்தவர்களுக்கும் அவர்களை மணந்தவர்களுக்கும் மட்டுமே உரியது. இவர் வன்னி. இரண்டு வருடமாக என் குறிப்புகளில் இவர் "சிற்றுண்டி ஏற்பாடு" என்ற இரண்டு சொற்களாகவே இருந்தார். கூரை விவகாரத்தைக்கூட "பொருளாளர் வாயிலாகக் கிடைத்த ஆலோசனை" என்றே பதிந்திருந்தேன்.

விருந்தாளி என் பக்கம் திரும்பினார். "அழைப்பவள் அந்த நிலத்தின் குரலாக அழைக்கிறாள். அவள் இந்த வீட்டுக்காரி இல்லையென்றால் என்னை இன்னும் ஒருவரும் வரவேற்கவில்லை. நான் உள்ளே வந்ததே தவறு. நீங்கள் போசகரைத் தெரிவுசெய்ததும் செல்லாது. நான் திரும்ப வெளியே போகிறேன். நீங்கள் முதலிலிருந்து தொடங்குங்கள்." இரண்டு பொன்னாடைகளையும் மடித்து மேசையில் வைத்து, மழையங்கியின் பொத்தானைப் பூட்டத் தொடங்கினார்.

இது அவர்களுடைய உண்மையான விதியா, அந்த இடத்திலேயே அவர் வார்த்த விதியா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தேவைக்கேற்ப விதி வார்ப்பவனைப் பார்த்தால் எனக்குத் தெரியும்; அவர் முகத்தில் அது தெரிந்தது போலவும் இருந்தது.

"முதலில இருந்தெண்டா?" என்று தலைவர் கேட்டார்.

"வரவேற்பு, பேச்சு, ஒவ்வொரு பேச்சுக்கும் பாட்டு," என்றேன்.

மண்டபம் பொருளாளரைப் பார்த்தது. பொருளாளர் தரையைப் பார்த்தார்.

"வன்னி ஆக்களுக்கு யாப்பில இடமில்லையே," என்றார் பலசரக்குக் கடைக்காரர்.

"இடமில்லாட்டி இரண்டு வருசமா ஆரின்ர வடையைத் திண்டனீர்?" என்றார் நகைக்கடைக்காரர்.

"நீர் மட்டும் பட்டினி கிடந்தனீரோ?"

"போசகர் முன்மொழிந்தால் வெளியார் ஒருவரை அங்கத்தவராக்கலாம் என்று ஐந்தாம் பிரிவில் உண்டு," என்றேன். ஆனால் இவர் அங்கத்தவரானால்தான் அவர் போசகர், அவர் போசகரானால்தான் இவர் அங்கத்தவர். முப்பத்தைந்து வருட அலுவலக வாழ்வில் இவ்வளவு அழகான முடிச்சை நான் கண்டதில்லை. கச்சேரியில் இப்படியானவற்றை அவிழ்க்க ஒரே வழி உண்டு: பின்னோக்கிய செயற்பாடு. அழைப்பு விழுந்தது மூன்று மணி இருபது நிமிடத்துக்கு. ஆகவே, மூன்று மணி பத்தொன்பது நிமிடம் முதல் செல்லுபடியாகுமாறு இவரை அங்கத்தவராக்கும் தீர்மானத்தை முன்வைத்தேன்.

"நான் கேக்கேல்லையே," என்றார் தங்கச்சி.

எல்லோரும் திரும்பினோம். கரண்டி இன்னும் அவர் கையில் இருந்தது.

"உங்கட மெம்பர் எனக்கு வேண்டாம். கூரையைத் தாங்கோ, காணும். திங்கட்கிழமை போச்செண்டா தகடு போச்சு. இரண்டு வருசம் நான் ஏறி இறங்கினது உங்கட றோட்டில எந்தப் பக்கம் எண்டு பாக்கிறதுக்கில்லை."

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனாலும் விருந்தாளி பொத்தானை விட்டுவிட்டு நின்றார்.

வைத்தியரின் மனைவிதான் எழுந்தார். அவர் கூட்டங்களில் பேசி நான் கேட்டதில்லை. "பிள்ளை, கூரைக்காக வாரும். நாங்கள் கேக்கிறம், நீர் கேக்க வேண்டாம்," என்றார். விண்ணப்பம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில், விண்ணப்பத்தை நானே எழுதி நீட்டினேன். தங்கச்சி கையைச் சீலைத் தலைப்பில் துடைத்தார். "கூரைக்காகத்தான்," என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். கைகள் உயர்ந்தன. பலசரக்குக் கடைக்காரரின் கை கடைசியாக, பாதி உயரத்துக்கு வந்தது. பாதியை முழுதாகக் கணக்கெடுத்தேன்.

விருந்தாளி மையினால், பொதுச்சபையின் முன்னிலையில், சொந்தக் கையெழுத்தில் ஒப்பமிட்டார். திங்கட்கிழமை காலை நான் கூட்டுறவு அலுவலகத்தின் வாசலில் அது திறப்பதற்கு அரை மணி முன்பே நின்றேன்.

எங்கள் போசகர் இப்போது உலகத்தின் மறுபக்கத்தில் இருக்கிறார். இராஜினாமாச் செய்யவில்லை. எங்கள் சரித்திரத்தில் கூட்டக் குறிப்புகளை வரவழைத்து வாசிக்கும் முதல் போசகர் அவர்தான். மாதம் ஒரு கேள்வி வருகிறது. தகட்டை யார் துடைக்கிறார்கள்? போன கூட்டத்தில் பேசாமல் இருந்தவர்கள் யார்? இதனால் குறிப்புகளை இப்போது நடந்தபடியே எழுத வேண்டியிருக்கிறது. பழக்கமில்லாத வேலை.

தகடு பூட்டிய நாள் வெயில். நான் கூரைப் பணிப் பதிவேட்டோடு ஏணியடியில் நின்றேன். ஏறுபவர் நேரம் குறித்து ஒப்பமிட வேண்டும்; இருபத்திரண்டாம் பிரிவு.

"அண்ணை, உந்தப் புத்தகத்தை வச்சிட்டு ஏணியைப் பிடியுங்கோ."

"முதலில ஒரு ஒப்பம்..."

"ஏணி ஆடுது, அண்ணை."

பிடித்தேன். அவர் இடுப்புப் பட்டியில் கருவிகள் கிலுங்க ஏறிப் போனார். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து குரல் வந்தது. "இஞ்சை இருந்து பாத்தா கார் து நோர் ஸ்ரேசனுக்குப் போற றெயில் எல்லாம் தெரியுது." நான் ஏணியை விடாமல், பார்த்து, கவனம் என்றேன். எதைப் பார்த்து என்று எனக்கே தெரியவில்லை.

அன்று பின்னேரம் பதிவேட்டில் அவருடைய வரிசையை நானே நிரப்பினேன். பெயருக்கு எதிரே, பழக்கத்தில், "சிற்றுண்டி" என்று கை எழுதிவிட்டது. ஒரு கோடு இழுத்து வெட்டி, மேலே "அங்கத்தவர்" என்று எழுதி, வெட்டிய இடத்தில் விதிப்படி சுருக்கொப்பம் வைத்தேன்.